‘தண்ணியில்லாக் காட்டில்’ தங்கியது யார்? கல்வராயன் மலையோரம் செவிலியரான மலைப்பெண்கள்!

‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்!’

தமிழ் சினிமாவில் இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்போம்? அமைச்சர் மிரட்டுவார், அதிகாரி நடுங்குவார், நாம் சிரிப்போம். ஆனால், அந்தக் காட்டில் ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் மக்களைப் பற்றி அந்த வசனம் ஒரு விநாடிகூட யோசிப்பதில்லை. நமக்குத் தண்டனையாகத் தெரிகிற இடம், அவர்களுக்குச் சொந்த ஊர்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை எனக் கடந்து மலையேறினால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது கரியாலூர். படகு விடும் ஏரி, சிறுவர் பூங்கா, வனத்துறை விடுதி என விடுமுறைக்கு ஏற்ற ஊர். பக்கத்திலேயே பெரியார் அருவி, மேகம் அருவி. ஞாயிற்றுக்கிழமையானால் டூவீலர்களில் இளைஞர் கூட்டம் வந்து குவியும். மழைக்காலத்தில் மலை முழுக்கத் தண்ணீர்தான். தண்ணியில்லாத காடு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும், இப்படிப்பட்ட மலைகளுக்கு டாக்டரோ, நர்ஸோ, ஆசிரியரோ போஸ்டிங் ஆகி வந்தால், முதலில் விசாரிப்பது ‘இங்கிருந்து எப்போ டிரான்ஸ்ஃபர் கிடைக்கும்?’ என்பதைத்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர், வாடகைக்கு நல்ல வீடு கிடைக்காத நிலை என்று ஆயிரம் காரணங்கள் உண்டு. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

அப்படியென்றால், மலையில் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கப்போவது யார்?

இந்தக் கேள்விக்கான ஒரு பதில், இதே கல்வராயன் மலையின் மறுபக்கத்தில் 30 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ‘வெளியிலிருந்து ஆள் வராவிட்டால் என்ன, உள்ளூர் பெண்களுக்கே வேலையைக் கற்றுக்கொடுப்போம்’ என்பதுதான் அந்தப் பதில்.

ஆயா சொன்ன கணக்கு!

எங்கள் ஆயா வீடு மலையடிவாரத்தில்தான். புளி, கடுக்காய், தேன், நெல்லிக்காய் எல்லாம் மலையிலிருந்து இறங்கும் நாள்களில் சந்தையே மணக்கும் என்பார். அவர் சொன்ன கதைகளில் எனக்கு மறக்காமல் நிற்பது டோலிதான். மலை கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டால், ஒரு கம்பில் போர்வையையோ சேலையையோ தூளிபோலக் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்து, ஆண்கள் முன்னும் பின்னும் தோள்கொடுத்துத் தூக்கி வருவார்கள். ‘எறங்கி வர்ற டோலியில ரெண்டு உசுரு இருக்கும். திரும்பிப் போறப்ப எத்தனைன்னு யாருக்கும் தெரியாது’ என்பார் ஆயா.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். சாலை இல்லாத மலை கிராமங்களில் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் செய்திகளும் வீடியோக்களும் இன்றும் நம் செல்போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கல்வராயன் மலையின் வரலாறும் கொஞ்சம் கனமானது. சுதந்திரம் வந்து ஏறத்தாழ 30 வருடங்கள் வரைக்கும் இந்த மலை மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. 1976-ல்தான் அது முழுமையாக அரசின் கைக்கு வந்தது. இங்கு பெரும்பான்மையாக வாழ்பவர்கள் ‘மலையாளி’ பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் ‘மலையாளி’. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நாடு முழுக்க இந்தப் பகுதியைப் பற்றிப் பேசியது. அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, பேருந்து, மருத்துவம், ரேஷன், பள்ளி என்று அடிப்படை வசதிகள் அனைத்தும் அந்த விசாரணையில் பேசப்பட்டன.

கட்டடத்துக்கு நிதி ஒதுக்கினால் ஒரு வருடத்தில் கட்டடம் எழும்பிவிடும். அதற்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆள்கள் அப்படி ஒரு வருடத்தில் உருவாவதில்லை. மலையின் மேற்கே இருக்கும் சித்திலிங்கி பள்ளத்தாக்கில் அதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று பார்க்கலாம்.

மலையாளிகளைத் தேடி வந்த மலையாளிகள்!

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சித்திலிங்கி. இங்கும் மலையாளி பழங்குடி மக்கள்தான் அதிகம். கூடவே லம்பாடி மக்களின் தண்டாக்களும் உண்டு.

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ஆலப்புழா மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் இருக்கும் கஸ்தூரிபா மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். அது டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் தொடங்கிய காந்திகிராமம். டி.வி.எஸ் குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, கிராமத்துப் பெண்களுக்காகவே வாழ்ந்தவர் சௌந்தரம். அந்த மண்ணில் வேலை பார்த்த இந்த இளம் டாக்டர்களுக்கு, ‘மருத்துவமே எட்டாத இடம் எது?’ என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் ஏறத்தாழ ஒரு வருடம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் வந்து நின்ற இடம் சித்திலிங்கி.

கேரளத்து மலையாளிகள், கல்வராயன் மலையோரத்து மலையாளிகளைத் தேடி வந்து சேர்ந்தார்கள்!

அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 150 வரை ஒரு வயதைத் தாண்டாமல் இறந்துகொண்டிருந்தன. ஏழு குழந்தை பிறந்தால் ஒன்று தங்காது. பக்கத்து மருத்துவமனைக்குப் போக ஏறத்தாழ 50 கி.மீ. ஆபரேஷன் என்றால் 100 கி.மீ தாண்ட வேண்டும். பஸ்ஸோ எப்போதாவதுதான்.

1993-ல் ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற தொண்டு நிறுவனத்தை இருவரும் தொடங்கினார்கள். நிலம் வாங்கப் பணமில்லை. நண்பர்கள், உறவினர்கள் கொடுத்த பணத்தில், ஊர் மக்கள் உதவியோடு ஒரு குடிசை எழும்பியது. ஒரு 100 வாட்ஸ் பல்பு, ஒரு மர பெஞ்சு. இதுதான் ஆபரேஷன் தியேட்டர். மூன்று வருடங்கள் அந்தக் குடிசையில்தான் பிரசவம், வைத்தியம் எல்லாமே. அதன் பிறகே 10 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை வந்தது. இன்று அது 35 படுக்கைகள், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப்பிரிவு என வளர்ந்து நிற்கிறது. 150 ஆக இருந்த அந்தக் கணக்கு, நிறுவனம் தரும் தகவல்படி, 20 அளவுக்கு இறங்கியிருக்கிறது.

ரெண்டு டாக்டர்கள் ராப்பகலாக உழைத்தாலும் ஒரு பள்ளத்தாக்கின் கணக்கை இப்படி மாற்ற முடியாது. மாற்றியவர்கள் அங்குள்ள பெண்கள்.

யார் அந்த ஸ்டாஃப்?

குடிசை ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து நர்ஸ் யாரும் வரத் தயாராக இல்லை. எனவே, உள்ளூர் பழங்குடிப் பெண்களையே தேடினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு ஊசி போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை அங்கேயே, வேலையோடு வேலையாகப் பயிற்சி கொடுக்கப்பட்டது.

இங்கே பயிற்சி இரண்டு அடுக்குகளாக நடக்கிறது.

முதல் அடுக்கு, மருத்துவமனையிலும் கிராம கிளினிக்குகளிலும் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள். இளம் பெண்கள். கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது, பிரசவம் பார்ப்பது, ஆபரேஷனில் டாக்டருக்கு உதவுவது, வார்டு நோயாளிகளைக் கவனிப்பது, சாதாரண நோய்களைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது என அத்தனையும் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது அடுக்கு, ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் மக்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் மூத்த பெண்கள். ‘சுகாதாரத் துணைப் பணியாளர்கள்’ என்று பெயர். பிள்ளை பெற்று வளர்த்த அனுபவசாலிகள். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மாதந்தோறும் கூடுகிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள், ஊருக்குத் திரும்பிப்போய் வீடு வீடாகப் பார்க்கிறார்கள்.

ஏன் மூத்த பெண்கள்? நம் வீட்டையே நினைத்துப் பாருங்கள். முதல் பிள்ளை பெற்ற மருமகள், டாக்டர் சொல்வதைக் கேட்பாளா, மாமியார் சொல்வதைக் கேட்பாளா? மாமியார் பேச்சுதான் எடுபடும் என்றால், அந்த மாமியாருக்கே பயிற்சி கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்!

அங்கு இன்று பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். டிரான்ஸ்ஃபர் கேட்டு அவர்கள் எங்கே போவார்கள்? சொந்த வீடு அங்கேதானே இருக்கிறது!

மணியை நகர்த்தினால் நிமோனியா தெரியும்!

‘படிக்காத பெண்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியுமா?’ என்ற சந்தேகம் நியாயமானது. இதற்குப் பதில் தெரிய, இதே வேலையைச் செய்த இன்னொரு இடத்தையும் பார்த்துவிடலாம்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டம். காடு சூழ்ந்த பழங்குடிப் பகுதி. அங்கு ‘சர்ச்’ என்ற அமைப்பை நடத்தும் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி, கிராமத்துப் பெண்களைக்கொண்டு பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையை உருவாக்கினார்கள். குழந்தைகளைக் கொல்லும் முக்கிய நோய் நிமோனியா. அதன் அடையாளம், மூச்சு வேகமாக இருப்பது. ஆனால், 60 வரை எண்ணத் தெரியாத பெண் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதற்காக அவர்கள் ஒரு எளிய கருவி செய்தார்கள். ஒரு நிமிடத்தில் வடியும் மணல் கடிகாரம். பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். குழந்தை 10 முறை மூச்சு விட்டால் ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் வடிந்து முடிவதற்குள் கடைசியில் இருக்கும் சிவப்பு மணியை நகர்த்த வேண்டி வந்தால், ஆபத்து. அவ்வளவுதான்! பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். கட்சிரோலி முறையால் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 சதவிகிதம் குறைந்ததாக 1999-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதன் பிறகு, வீட்டிலேயே பச்சிளம் குழந்தையைக் கவனிக்கும் இந்த முறையை மத்திய அரசும் ‘ஆஷா’ பணியாளர்கள் மூலம் நாடு முழுக்கக் கொண்டுசென்றது.

இப்படிப்பட்ட பயிற்சிகளில் சொல்லித்தரும் பல விஷயங்கள் நம் வீட்டுக்கும் தேவையானவை. சிலவற்றைப் பார்ப்போமா?

* மூச்சுக் கணக்கு: குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே ஒடுங்கினாலும் அதே அவசரம்தான்.

* சேனை வேண்டாம்: பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டுவைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதே பாதுகாப்பு. மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடக் கூடாது.

* வெதுவெதுப்பு முக்கியம்: பிறந்தவுடன் குளிப்பாட்டாமல், ஈரத்தைத் துடைத்து, அம்மாவின் மார்போடு சேர்த்துப் போர்த்திவைக்க வேண்டும். குளிர் அதிகமுள்ள மலைப்பகுதியில் இது உயிர் காக்கும் விஷயம்.

* வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ் பாக்கெட்தான் முதல் தேர்வு. கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைக் குவித்து எடுக்காமல் தலைதட்டி எடுக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து.

இதில் எதற்காவது எம்.பி.பி.எஸ் தேவையா? யாராவது ஒருவர் சரியாகச் சொல்லித்தர வேண்டும். மாதாமாதம் அதை நினைவுபடுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். பயிற்சி என்பது சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவைக்கும் ஒருநாள் கூட்டமாக முடிந்துவிட்டால் பயனில்லை.

வேலூரில் படித்தவர்கள் போட்ட விதை!

இந்த வழியை முதலில் பெரிய அளவில் செய்துகாட்டியவர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. டாக்டர்கள் ரஜினிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி. வேலூர் சி.எம்.சி-யில் படித்தவர்கள். 1970-ல் மகாராஷ்டிராவின் வறண்ட பகுதியான ஜாம்கேடில் பணியைத் தொடங்கினார்கள்.

அவர்கள் முதலில் பயிற்சி பெற்ற நர்ஸுகளைத்தான் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. வெளியூர் பெண் தனியாகக் கிராமத்தில் தங்குவது கஷ்டம், ஊராரோடு ஒட்டுவதும் கஷ்டம். அதன் பிறகுதான், ‘உங்கள் ஊரிலிருந்தே ஒரு பெண்ணை அனுப்புங்கள்’ என்று கிராமங்களைக் கேட்டார்கள். வந்தவர்களில் பலர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதில் இருந்தார்கள். யாருடைய வீட்டு வாசலில் நிற்கவைக்கப்பட்டார்களோ, அதே வீட்டுக்குள் பிரசவம் பார்க்க அழைக்கப்பட்டார்கள். 1979-ல் ஆரோலே தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் இப்படி ஒரு கதை உண்டு. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர் மக்களோடு 1980-களில் ‘அக்கார்டு’ அமைப்பு வேலையைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக உருவான ‘அஸ்வினி’ அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸுகளாக வேலை பார்க்கிறார்கள். நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்புகளுக்கும் அந்தச் சமூகத்தினர் வந்திருக்கிறார்கள்.

ஜாம்கேட், கட்சிரோலி, கூடலூர், சித்திலிங்கி என நான்கு இடங்களுக்கும் ஓர் ஒற்றுமை. டாக்டர் தம்பதிகள் வந்தார்கள், தங்கினார்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஊர்ப் பெண்களின் கையில் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியைத் தாண்டி வயலுக்கும்...

சித்திலிங்கியில் குழந்தைகள் பிழைத்தன. அப்புறம்? பிழைத்த குழந்தைக்குச் சாப்பாடு வேண்டுமே! விவசாயத்தில் கடன் ஏறி, இளைஞர்கள் திருப்பூர் போன்ற ஊர்களுக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாத்திரையால் தீராத நோய் அது.

2004-ல் நான்கே விவசாயிகளோடு இயற்கை விவசாய முயற்சி தொடங்கியது. சாமை, ராகி, மஞ்சள் என்று ஆரம்பித்தது, இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் சித்திலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்திருக்கிறது. விளைந்ததை அப்படியே விற்காமல், மாவாகவும் தின்பண்டமாகவும் மாற்றி விற்கிறார்கள். அந்த வேலையிலும் பெண்கள்தான் அதிகம்.

லம்பாடி பெண்களின் பாரம்பரிய எம்பிராய்டரி அந்தப் பகுதியில் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. அந்தத் தையல் ஞாபகத்தில் இருந்த மூத்த பெண்கள் ஒரு சிலர்தான். அவர்கள் இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ‘போர்கை’ என்ற பெயரில் கைவினைக் குழு ஒன்று உருவானது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் ‘பெருமை’ என்று அர்த்தம்.

நாற்றங்கால் ஆனாலும் நூலும் ஊசியும் ஆனாலும், வழி ஒன்றேதான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருகிறார். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்கு ஆசிரியராகிறார்.

அடுத்த தலைமை யார்?

இவ்வளவும் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், இப்படிப்பட்ட நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் சில கஷ்டமான கேள்விகள் நிற்கின்றன.

முதலாவது, சர்டிஃபிகேட். அரசுக் கணக்கில் நர்ஸ் என்றால், அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். நோயாளிகளின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி அது, தேவையான விதியும்கூட. ஆனால், 20 வருடங்களாகப் பிரசவம் பார்த்த மலைப்பெண், தான் கற்ற நிறுவனத்துக்கு வெளியே வந்தால், அந்த அனுபவம் எந்தப் படிவத்திலும் ஏறாது. அவருக்கு முறையான படிப்புக்கு ஒரு பாலம் போட்டுக் கொடுப்பது யார் பொறுப்பு?

இரண்டாவது, சம்பளம். நாடு முழுக்க 2005-க்குப் பிறகு வந்த ‘ஆஷா’ பணியாளர்கள் இன்றும் அரசின் பார்வையில் தன்னார்வலர்கள்தான். மாதச் சம்பள ஊழியர்களாக இல்லாமல், ஊக்கத்தொகை பெறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு வீடாகப் போய் பி.பி, சுகர் பார்க்கும் பெண்கள் தன்னார்வலர்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள். ‘சேவை’ என்ற சொல்லைச் சொல்லி, பெண்களின் உழைப்புக்குக் குறைவாகக் கொடுப்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. தொண்டு நிறுவனமாக இருந்தாலும், நன்கொடை வந்தால்தான் சம்பளம் என்ற நிலை பல இடங்களில் உண்டு.

மூன்றாவது கேள்விதான் பெரியது. தொடங்கியவர்களுக்கு வயதாகிறது. 1993-ல் இளம் டாக்டர்களாக வந்தவர்களுக்கு 30 வருடங்களைத் தாண்டிவிட்டது. ஜாம்கேடில் டாக்டர் மேபல் 1999-லும், டாக்டர் ரஜினிகாந்த் 2011-லும் காலமானார்கள். அங்கு அவர்களின் மகள் டாக்டர் ஷோபா ஆரோலே பொறுப்பை எடுத்துக்கொண்டார். எல்லா நிறுவனங்களுக்கும் அப்படி ஒரு வாரிசு அமைவதில்லை. அமைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நிறுவனரின் பெயரைச் சொல்லித்தான் நன்கொடை வருகிறது, விருது வருகிறது, செய்தியாளர்களும் வருகிறோம். இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள். டாக்டர்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் பிரசவம் பார்த்த பெண்களில் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை. நாங்கள் கதை சொல்லும் பழக்கமே அப்படி இருக்கிறது. தலைமை என்றால் மேலே இருக்கும் ஒருவர் என்று நாமும் பழகிவிட்டோம்.

ஆனால், வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு பி.பி பார்க்கச் சொல்லித்தரும் சீனியர் நர்ஸ், கிராமக் கூட்டத்தில் ‘இந்த மாசம் எத்தனை குழந்தைக்கு எடை ஏறல?’ என்று கேட்கும் மூத்த பெண், இவர்களிடம் இருப்பதும் தலைமைதானே? பட்ஜெட் போடுவது, ஆள் எடுப்பது, மாவட்ட அதிகாரியிடம் பேசுவது என்று மீதி வேலைகளையும் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிறுவனம், நிறுவனருக்குப் பிறகும் நிற்கும். அதைச் செய்யாமல் ஊசி போட மட்டும் கற்றுக்கொடுத்த இடத்தில், டாக்டர் போன மறுவருடம் கதவு பூட்டியிருக்கும்.

கரியாலூரின் பிள்ளைகள்!

மறுபடியும் கரியாலூருக்கு வருவோம்.

மலையில் இன்று பள்ளிகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 108 வருகிறது. ஆயா காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான். பிளஸ் டூ முடித்த பெண்களும் இப்போது மலை கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கீழே இறங்கி, மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அதே நேரம், மேலே இருக்கும் வேலைக்கு வெளியூர் ஆள்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மரவள்ளிக்கிழங்கு விளையும் ஊரில் ஜவ்வரிசிக்கு வெளியூர் போன கதைதான்!

அந்தப் பெண்களில் ஆண்டுக்கு 10 பேரை, மலையிலேயே வைத்து, அங்கீகரிக்கப்பட்ட நர்ஸிங் படிப்புக்குத் தயார் செய்தால்? படிப்பு முடிந்ததும் சொந்த மலையிலேயே நிரந்தர வேலை என்ற உறுதியைக் கொடுத்தால்? ஊருக்கு ஒரு மூத்த பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் பயிற்சியும், நியாயமான சம்பளமும் கொடுத்தால்? அரசோ, தொண்டு நிறுவனமோ, இரண்டும் சேர்ந்தோ செய்யலாம். வழி தெரியாது என்று சொல்ல முடியாது. மலையின் மறுபக்கத்தில் குடிசையில் ஆரம்பித்துச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நீங்கள் கரியாலூர் ஏரியில் படகு ஓட்டப் போனால், பெரியார் அருவியில் குளிக்கப் போனால், வழியில் டீக்கடை போட்டிருக்கும் அக்காவிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். ‘உங்க ஊர்ல அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘108’ என்று சொன்னால் சந்தோஷம். ‘நம்ம பொண்ணுதான் நர்ஸா இருக்கு, அதைத்தான்’ என்று சொன்னால் இன்னும் சந்தோஷம்.

ஆயா இருந்திருந்தால், டோலி கணக்கை அந்த அக்காவிடமும் ஒரு முறை சொல்லியிருப்பார்.